பனிக் கடிதத்தின் மறுபாதி

கால்வாயின் நீர்மட்டத்தை அளப்பவரை அந்த ஊரில் எல்லோரும் கொக்கு என்றே அழைத்தார்கள். நெட்டையான உடம்பு, நீண்ட கழுத்து, போதாததற்கு விடியற்காலையில் தண்ணீரோரப் படியில் அசையாமல் நிற்கிற தொழில். பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அவரும் அதை விரட்டவில்லை. "கொக்கு சார், இன்னிக்குத் தண்ணி எவ்வளவு?" என்று யாராவது கேட்டால், "நேத்து மாதிரிதான். ஆனா நேத்துத் தண்ணி இல்ல" என்பார். கேட்டவர் அதற்குமேல் கேட்க மாட்டார்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது அரைமணி நேர வேலை. காலை ஆறு மணிக்கு அளவுக் கூடத்தின் பூட்டைத் திறக்க வேண்டும். கூடம் என்பது பெயரளவில்தான். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி, கால்வாயைப் பார்த்த ஒரு சன்னல். பதினாறு படி இறங்கி, தண்ணீருக்குள் நட்டிருக்கும் வெள்ளைப் பலகையில் எந்தக் கறுப்புக் கோட்டைத் தண்ணீர் தொடுகிறது என்று பார்த்து, மேலே வந்து பதிவேட்டில் எழுதி, ஏழு மணிக்குத் தலைமை அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து எண்ணைச் சொல்ல வேண்டும். மாலையில் இன்னொரு முறை.

ஆனால் அந்தப் பதிவேட்டுக்கு ஒரு தனிக்குணம் இருந்தது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் முதல் கட்டம் 'வானம்'. அதற்குக் கீழே 'காற்று', 'நீரின் நிறம்', 'மிதப்பவை', 'கரை'. எல்லாம் எழுதி முடித்த பிறகு, கையெழுத்துக்குச் சற்று மேலே, சின்னதாக ஒரு கட்டம்: 'மட்டம்'. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பொறியாளர் வகுத்த முறை. எண்ணை முதலில் எழுதிவிட்டவன் அதன் பிறகு வேறெதையும் பார்க்க மாட்டான் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் பார், கடைசியில் அள.

கொக்கு இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் எழுதிவந்தார். தலைமை அலுவலகத்துக்கு வேண்டியது கடைசிக் கட்டம் ஒன்றுதான். மேலே இருந்த ஐந்தையும் ஒருவரும் படித்ததில்லை. படிக்க ஆளில்லாத எழுத்தில் ஒரு சுதந்திரம் உண்டு. அதில் பொய் சொல்லவும் தேவையில்லை, அழகாகச் சொல்லவும் தேவையில்லை. 'வானம்: துவைத்துப் பிழியாத துணி.' 'காற்று: இருக்கிறது. வேலை செய்யவில்லை.' 'மிதப்பவை: ஒரு செருப்பு, வலது கால்.' மறுநாள்: 'மிதப்பவை: ஒரு செருப்பு, இடது கால். வேறு ஆளுடையது.' இப்படியே எட்டாயிரம் பக்கங்களுக்கு மேல் போய்விட்டன. அவற்றில் பாதி நன்றாக இருந்தன என்று சொன்னால் கொஞ்சம் தாராளமாகச் சொன்னதாகும். ஆனால் ஒன்றுகூடக் கவனமில்லாமல் எழுதியதல்ல.

கூடத்திலிருந்து ஐம்பதடி தள்ளி ஒரு நடைபாலம். இந்தக் கரையில் குடியிருப்பு; அந்தக் கரையில் மருத்துவமனை, அச்சகங்கள், சட்டைக் கம்பெனி. கொக்கின் மனைவி அந்தக் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். நாற்பது மடிப்பு அடுக்கிய துணியை ஒரே ஓட்டத்தில், ஒரு நூல் பிசகாமல் வெட்டும் கை. அங்கே அவளுக்குக் கத்திரி என்று பெயர். கைக்காகவா வாய்க்காகவா என்று கேட்டால் கூட வேலை செய்பவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு கத்திரியின் சிறுநீரகங்கள் ஓய்ந்துபோயின. அதிலிருந்து திங்கள், புதன், வெள்ளி காலை ஏழரை மணிக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரம் ஒரு இயந்திரம் அவள் ரத்தத்தை வெளியே எடுத்துத் துவைத்துத் திருப்பித் தரும். பாலம் இருந்தவரை அது பெரிய பாடாகத் தெரியவில்லை. அவர் ஏழு மணித் தொலைபேசியை முடித்துவிட்டு வருவார். இருவரும் மெதுவாகப் பாலத்தில் நடந்து போவார்கள். முடிந்ததும் மெதுவாக நடந்து வருவார்கள்.

ஒரு நாள் காலை பாலத்தின் இரண்டு வாயிலும் தகரம் அடித்திருந்தது. 'ஆய்வுப் பணிக்காகப் பாலம் மூடப்பட்டுள்ளது.' எப்போது திறக்கும் என்று எழுதவில்லை. அன்றிலிருந்து பெரிய பாலத்தைச் சுற்றி இரண்டு பஸ். போவதைச் சமாளித்துவிடலாம். வருவதுதான் கொடுமை. இயந்திரத்திலிருந்து எழுந்து வரும் உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. வாடகை வண்டி வாரத்துக்கு ஆறு நடை என்பது அவர்கள் சம்பளத்துக்கு எட்டாத காரியம். மூன்றாவது வாரத்தில் பஸ் மாறும் இடத்தில் கத்திரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். மருத்துவர் சொன்னபடி ஒரு நாளைக்கு இத்தனை மிடறுதான் என்று அளந்து குடிக்கிறவள் அந்த பாட்டில்களைப் பார்த்து, "ஊரே வந்து மொண்டு ஊத்துது, குடிக்கத்தான் குடுத்து வைக்கல" என்றாள்.

மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் படுத்தபடியே சொன்னாள்: "ஏங்க, வெள்ளிக்கிழமையை விட்டுடலாம்னு இருக்கேன். வாரம் ரெண்டு நாள் போதும்."

"டாக்டர் ஒத்துக்குவாரா?"

"டாக்டர் ரெண்டு பஸ்சு மாறி வர்றாரா?"

கொக்கு தனியாகப் போய் மருத்துவரைக் கேட்டார். மருத்துவர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. இரண்டு நாள் போதாது, தங்கிப்போகும் தண்ணீர் நெஞ்சில்தான் போய் நிற்கும், சில மாதம் தாங்கும், அதன்பிறகு தாங்காது என்றார். தண்ணீர் ஏறுவதைப் பற்றிக் கொக்குக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

அதற்குள் மூன்று மனு கொடுத்திருந்தார். நகர அலுவலகத்தின் எட்டாம் எண் சன்னலில் இருந்தவர் மூன்று முறையும் ஒரே பதில் சொன்னார். "ஆய்வு நடக்குது சார்."

"நான் தினமும் பக்கத்துலதான் நிக்கிறேன். ஒருத்தரையும் பாக்கலையே?"

"ஆய்வுன்னா ஆள் வந்து நிக்கணுமா?"

கொக்கு அந்தக் கேள்வியை வீடுவரை யோசித்துக்கொண்டே வந்தார். அது முட்டாள்தனமான கேள்வியா, ஆழமான கேள்வியா என்று அவரால் முடிவுக்கு வர முடியவில்லை.

கடைசியில் வழி சொன்னது மைத்துனன். கத்திரியின் தம்பி, நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஊரில் எழுதப்படும் எல்லா மனுக்களும் அவன் கையைத் தாண்டித்தான் போகும் என்பதால் மனுக்கள்மீது அவனுக்கு மரியாதையே இல்லை.

"மாமா, மனு குடுத்தா அது அலமாரிக்குள்ள போகும். பேப்பர்ல ஆசிரியருக்குக் கடிதம் போட்டா, அது காலைக் காப்பியோட அதிகாரி வீட்டுக்குள்ள போகும். அவரு சம்சாரம் 'என்னங்க, இது உங்க ஆபீசுதானே'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும். அப்புறம் அவரு உக்காந்து சாப்பிட முடியுமா?"

"எனக்கு அப்படியெல்லாம் எழுத வராதே, மாப்ளே."

"இருபத்திரெண்டு வருஷமா வேற என்ன பண்றீங்க? ஒரு நாளாவது ஒருத்தராவது படிக்கட்டும்."

இரண்டு மாலை, அளவுக் கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதினார். எப்படித் தொடங்குவது என்ற கவலையே வரவில்லை. கை அதுவாகப் போயிற்று. வானத்தில் தொடங்கியது. காற்றுக்கு வந்தது. நீருக்கு இறங்கியது. 'குளிர்காலக் காலைகளில் நம் கால்வாய்க்கு வானம் கிடையாது. பனி இறங்கி நீரோடு சேர்ந்துகொள்கிறது. ஆறரை மணிவரை எதிர்க்கரை என்று ஒன்று இருப்பதை நம்பித்தான் ஆகவேண்டும். பிறகு ஒரு விளக்குக் கம்பம் மட்டும் வரும். சற்று நேரம் அது எதிலும் ஊன்றாமல் நிற்கும். அதன்பின் ஒரு சுவர். அந்தச் சுவருக்குரிய வீடு வர இன்னும் நேரமாகும்...' இப்படியே போய், 'பனி விலகும்போது இந்த ஊர் ஒவ்வொரு பொருளாகத் தன்னை ஞாபகப்படுத்திக்கொள்கிறது' என்று வந்தது. அதற்குக் கீழே, கடைசிப் பத்தியில், கரை. 'இத்தனையும் வந்த பிறகு நடைபாலமும் வரும். அது மூடித் தொண்ணூறு நாள் ஆகிறது. வாரம் மூன்று முறை மருத்துவமனைக்குப் போகும் ஒரு பெண் அதனால் உயிருக்குப் போராடுகிறார். உடனே திறக்க வேண்டும்.' கையெழுத்து, தெருப் பெயர்.

படித்துப் பார்த்தபோது அவருக்கே திருப்தியாக இருந்தது. வழக்கமான பக்கம்தான். கடைசிக் கட்டத்தில் மட்டும் எண்ணுக்குப் பதில் பாலம்.

ஒரு வாரம் கழித்து மைத்துனன் பேப்பரைக் கொடிபோலத் தூக்கிப் பிடித்தபடி வீட்டுக்குள் வந்தான். "மாமா! வந்துருச்சு! அக்கா, கண்ணாடியப் போடு!"

கத்திரி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து சத்தமாகப் படித்தாள். 'பனிக்காலக் காலை' என்று பேப்பர்காரர்களே ஒரு தலைப்பு வைத்திருந்தார்கள். நடுப்பக்கத்தில், கட்டம் கட்டி. வானத்தைப் படித்தாள், விளக்குக் கம்பத்தைப் படித்தாள், 'தன்னை ஞாபகப்படுத்திக்கொள்கிறது' என்று படித்தாள். அப்புறம் அவர் கையெழுத்தைப் படித்தாள். தாளைத் திருப்பினாள்.

"மீதி எங்க?"

"பின்பக்கம் பாரு."

"பின்பக்கத்துல பந்து விளையாட்டு."

மூன்று பேரும் தாளைச் சுற்றி நின்று தேடினார்கள். ஒருவேளை ஓரத்தில் இருக்குமோ என்று மைத்துனன் தாளைச் செங்குத்தாகக்கூடப் பிடித்துப் பார்த்தான். பிறகு கத்திரி மெதுவாகச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு வலுத்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஏங்க, பாலத்தைத் திறங்கன்னு சொன்னா, நீங்க பனியைத் திறந்து விட்டிருக்கீங்களே!"

கொக்கும் சிரித்தார். ஆனால் அன்று மாலைப் பதிவேட்டில் 'கரை' என்ற கட்டத்தில் பாலத்தைப் பற்றி எழுதும்போது கை சற்று நின்றது.

பாலத்துக்காக எழுதியதால் ஒன்றும் ஆகவில்லை. போகிற போக்கில் பனியைப் பற்றி எழுதியதால் நிறைய ஆயிற்று. அடுத்த வாரமே கடிதப் பக்கத்தில் பதில்கள் வந்தன. ஒரு பாட்டு வாத்தியார் அதிகாலையில் கால்வாய்க்குப் போய்வந்ததாகவும், பல வருடங்களுக்குப் பிறகு வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் இருந்ததாகவும் எழுதினார். ஒரு பஸ் டிரைவர், பதினைந்து வருடமாகப் பெரிய பாலத்தில் போகிறேன், ஒருநாளும் கழுத்தைத் திருப்பியதில்லை என்றார். ஒரு விஞ்ஞான ஆசிரியை மட்டும், பனி மேலிருந்து இறங்குவதல்ல, நீரிலிருந்து எழுவது என்று திருத்தியிருந்தார். கொக்கு அதை ஒப்புக்கொண்டு பதிவேட்டில் குறித்துவைத்தார்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கம்பளிக் குல்லாயும் பிளாஸ்க்கும் கேமராவுமாக. காட்சி நன்றாகத் தெரிகிற இடம் பாலத்தின் வாய்தான். ஆகவே தகரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். "நீங்கதானே அந்தப் பனிக்காரர்?" என்று கொக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"ஆமா. உங்களுக்குப் பின்னாடி இருக்கே, அந்தப் பாலம்..." என்று அவர் தொடங்குவார்.

"ஷ்ஷ்! கம்பம் வர்ற நேரம் சார்" என்பார் பாட்டு வாத்தியார்.

விளக்குக் கம்பம் வரும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். கொக்கும், என்ன செய்ய, பார்ப்பார். இத்தனை வருடம் தனியாகப் பார்த்ததை இருபது பேர் சேர்ந்து பார்க்கும்போது அது குறையவுமில்லை, கூடவுமில்லை. அதுவே அவருக்குத் துன்பமாக இருந்தது. தன் மனைவியின் உயிரைக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு ஊர் அமைதியைப் பதிலாகத் தந்திருக்கிறது. அமைதியில் குறை காண முடியவில்லை.

பத்தே நாளில் நகர அலுவலகம் விழித்துக்கொண்டது. சிமெண்டு கலவையோடு ஆட்கள் வந்தார்கள். பாலத்தின் வாயில், தகரத்துக்கு முன்னால், இரண்டு நீளமான பெஞ்சு கட்டினார்கள். தகரம் பார்க்க நன்றாக இல்லை என்று அதன்மேல் ஓர் ஓவியர் கால்வாயையும் பனியையும் வரைந்தார். விளக்குக் கம்பத்தைக்கூட மறக்கவில்லை. எட்டாம் எண் சன்னல்காரர் நேரிலேயே வந்து கொக்கின் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா சார்? பேப்பர்ல வந்துச்சு, உடனே நடவடிக்கை. எங்களை யாரும் குறை சொல்ல முடியாது."

அந்தப் புதன்கிழமை மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது கத்திரி பெஞ்சைப் பார்த்தாள். போய் உட்கார்ந்தாள். கையால் தடவிப் பார்த்தாள். "வேலை சுத்தமாத்தான் பண்ணியிருக்காங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெள்ளிக்கிழமை நான் போகல. இங்கயே உக்காந்துக்குறேன்."

அது கேலி என்று அவர் நினைத்தார். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணித் தொலைபேசியை முடித்துவிட்டு வந்தபோது அவள் படுக்கையைவிட்டு எழவில்லை. "என்னால முடியலங்க. கெஞ்சாதீங்க. நீங்க கெஞ்சினா நான் எழுந்துருவேன், அப்புறம் வழியில விழுவேன்." அவர் கெஞ்சவில்லை. சன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை அவளுடைய செருப்பு காலுக்குள் போகவில்லை. விரல்களெல்லாம் உப்பி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள்.

திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய்வந்தார். செவ்வாய்க்கிழமை பேப்பர் அலுவலகத்தின் மாடிப்படி ஏறினார்.

கடிதப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர் ஐம்பது வயதுக்கார அம்மா ஒருவர். மேசைமேல் மூன்று கம்பித் தட்டு: 'வரும்', 'வராது', 'பார்க்கலாம்'. மூன்றாவதுதான் உயரமாக இருந்தது. கொக்கு பெயரைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

"அட, பனிக் கடிதமா! உக்காருங்க சார். அன்னிக்கு வந்த அத்தனை கடிதமும் கோபம். குப்பை, சாக்கடை, ஒலிபெருக்கி. உங்களது ஒண்ணுதான் யாரையும் திட்டல."

"நான் திட்டியிருந்தேன் மேடம். கடைசிப் பத்தியில."

அம்மா எழுந்துபோய் ஒரு கட்டிலிருந்து அவருடைய தாளை உருவி வந்தார். சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே பனி, கீழே பாலம். "நூத்தம்பது வார்த்தைதான் சார் இடம். தலையிலேருந்து எண்ணிக்கிட்டே வருவேன். எங்க முடியுதோ அங்க கோடு. வாலைத்தான் வெட்டுவோம், எல்லாப் பேப்பர்லயும் அப்படித்தான். முக்கியமானதை யாரும் வால்ல வைக்க மாட்டாங்களே?"

"எங்க பதிவேட்டுல அளவு கடைசியிலதான் மேடம் வரும்."

அந்த அம்மா கோட்டுக்குக் கீழே இருந்ததை அப்போதுதான் முழுதாகப் படித்தார் என்று தோன்றியது. மலர்ச்சி போய்விட்டது. "இந்தப் பெண்மணி..."

"என் சம்சாரம்."

அம்மா கையிலிருந்த தாளை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"திருத்தம் போட முடியுமா?" என்று கேட்டார் கொக்கு.

"தப்பா அச்சாகியிருந்தாத்தான் சார் திருத்தம். இதுல ஒரு எழுத்துகூடத் தப்பில்லையே." அம்மா அதைச் சொல்லிவிட்டுத் தானே சங்கடப்பட்டார். ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தும் மொத்தமாகப் பார்த்தால் உண்மை இல்லாமல் போவது எப்படி என்று இருவருமே யோசிப்பதுபோல இருந்தது. "உங்க பேர்ல மறுபடி போடவும் முடியாது. ஒரு ஆளுக்கு மாசம் ஒண்ணுதான். இன்னும் ஒரு வாரம் இருக்கு."

"ஒரு வாரத்துல ஒரு வெள்ளிக்கிழமை வருதே மேடம்."

அம்மா புரியாமல் பார்த்தார். அவர் விளக்கினார். கேட்டு முடித்ததும் அந்த அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வீட்டுல வேற யாரும் எழுத மாட்டாங்களா? அவங்களே எழுதட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஊருக்கே எழுதக் கூடாது. அந்தத் தகரத்தைக் கழட்ட யாரால முடியுமோ, அந்த ஒருத்தர் எதிர்ல உக்காந்திருக்கிறதா நினைச்சு எழுதணும். என்ன வேணும்ங்கிறது முதல் வரியில. எத்தனை நாள், எத்தனை பஸ்சு, அதெல்லாம் இருக்கட்டும். 'வெட்கக்கேடு', 'அநியாயம்' இதெல்லாம் வேண்டாம். அதைப் படிக்கிறவர் சொல்லிக்கணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்தா, வியாழக்கிழமை போடுறேன்."

புதன்கிழமை கத்திரி இயந்திரத்தோடு படுத்திருந்தாள். இடது கையில் இரண்டு ஊசி. கண்ணாடி போன்ற குழாயில் ரத்தம் வெளியே போய், சக்கரத்தில் சுற்றி, வேறு குழாயில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்த அறையில் எட்டுக் கட்டில். எட்டு இயந்திரமும் ஒரே ராகத்தில் முனகின. படுத்திருப்பவர்கள் தூங்குவதும் இல்லை, விழித்திருப்பதும் இல்லை. சன்னல் வழியாகத் தெரிந்த வெளிச்சம்கூட வடிகட்டி வந்ததுபோல மெலிந்திருந்தது. கொக்கு முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"நீயே எழுதணுமாம்."

"கை எங்க இருக்கு பாத்தீங்களா? வலது கையைத் தூக்கினாக்கூட மெஷின் கத்துது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. நான் சொல்றதை மட்டும்."

கண்ணை மூடிக்கொண்டாள். துணியை விரித்துவைத்துக்கொண்டு கத்தியை எங்கே இறக்குவது என்று பார்க்கும்போதும் அவள் இப்படித்தான் ஒரு கணம் கண்ணை மூடுவாள்.

"கால்வாய் நடைபாலத்தைத் திறந்து விடுங்க."

எழுதினார்.

"அது மூடி நூத்திப் பதினேழு நாள் ஆகுது. நான் வாரம் மூணு நாள் டயாலிசிஸுக்கு அந்த வழியாத்தான் போவேன். இப்ப ரெண்டு பஸ்சு. போன வெள்ளிக்கிழமை முடியாமப் போகல. ரெண்டு நாள்ல கால் வீங்கிச் செருப்பு நுழையல."

அவர் பேனா நின்றது. "நடுவுல, 'பனி மூடிய அந்தக் காலையில்'னு ஒண்ணு..."

"பனி வேண்டாம்."

"சரி."

"பனியைப் பத்தி எழுதினாரே, அவர் என் வீட்டுக்காரர். அந்தக் கடிதத்துல அச்சாகாமப் போன பாதி இதுதான்னு போடுங்க. அப்புறம், பெஞ்சில உக்காந்து கால்வாயைப் பாக்குறவங்க ஒரு தடவை திரும்பிப் பாருங்க, படம் வரைஞ்ச தகரத்துக்குப் பின்னாடிதான் என் வழி இருக்குன்னு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எண்ணுங்க."

எண்ணினார். நூறு வார்த்தைக்குக் குறைவு. வெட்ட ஒன்றுமில்லை. எழுத்து நடைக்குக் கொண்டுவரும்போதுகூட அவர் இரண்டு சொல்லுக்கு மேல் மாற்றவில்லை. இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறவருக்கு அது கொஞ்சம் உறைத்தது. உறைத்தாலும், நன்றாக இருப்பதை நன்றாக இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. "நல்லா வெட்டியிருக்க" என்றார்.

"பின்ன?" என்றாள் கத்திரி, கண்ணைத் திறக்காமல்.

வியாழக்கிழமை கடிதம் வந்தது, ஒரு சொல் குறையாமல். வெள்ளிக்கிழமை அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ்ஸிலும் போனாள். சனிக்கிழமை விடியலில் பெஞ்சுக்காரர்கள் வந்தபோது ஒருவரும் கால்வாயைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரும்பித் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு வாத்தியார் விரலை மடக்கி, வரைந்திருந்த விளக்குக் கம்பத்தின்மேல் தட்டினார். தகரம் 'டங்'கென்றது. "எத்தனை நாளா இதுக்கு முன்னாடி உக்காந்திருக்கேன் நான்?" என்று கொக்கைக் கேட்டார். அவர் குரல் நன்றாக இல்லை.

"பதினொரு நாள்" என்றார் கொக்கு. பதிவேட்டில் இருந்தது.

அன்று பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒன்பது கடிதம் எழுதப்பட்டன. பேப்பர்காரர்கள் பதில் கேட்டு நகர அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார்கள். பதில் தேடப்போனதில்தான் தெரிந்தது: ஆய்வு பன்னிரண்டாம் நாளே முடிந்துவிட்டது. பாலம் உறுதியாக இருந்தது. தகரத்தைக் கழற்றச் சொல்லும் உத்தரவு வேறொரு பிரிவிலிருந்து வர வேண்டும். அந்தப் பிரிவை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அவர்களும் சொல்லவில்லை. யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. அதைக் கேட்டபோதுதான் கொக்குக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. கெட்ட எண்ணம் உள்ள ஒரு ஆளாவது இருந்திருந்தால் அவரைப் போய்ப் பார்த்துப் பேசியிருக்கலாம்.

உத்தரவு செவ்வாய்க்கிழமை வந்தது. தகரத்தைக் கழற்ற ஒரு மணி நேரம்தான் பிடித்தது. பெஞ்சுகளைத்தான் அசைக்க முடியவில்லை. வேலை சுத்தம். சம்மட்டியால் உடைத்து எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. எட்டாம் எண் சன்னல்காரர் தலைமேல் கைவைத்துக்கொண்டு நின்றார். "போட்டாலும் குத்தம், எடுத்தாலும் குத்தம்!"

வெள்ளிக்கிழமை காலை தொலைபேசியை முடித்துவிட்டு கொக்கு வீட்டுக்கு வந்தபோது கத்திரி வாசலில் தயாராக நின்றிருந்தாள். கனமான பனி. பாலத்தின் வாயில் உடைந்த சிமெண்டுத் தூள் இன்னும் கிடந்தது. இருவரும் அதை மிதித்து உள்ளே போனார்கள். முன்னே பத்தடிக்கு மேல் பாலத்துப் பலகை தெரியவில்லை. நடக்க நடக்க அடுத்த பத்தடி வந்தது. நடுப்பாலத்தில் அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்றிருந்த யாரோ இருவர் பேசாமல் விலகி இடம் கொடுத்தார்கள். அவளை அவர்களுக்கு அடையாளம் தெரிந்திருந்தது போலும். ஒருவர் குல்லாயைக்கூடக் கழற்றினார்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றாள் கத்திரி கணவரின் காதில்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கண்ணில் இருப்பது வழிந்துவிடும் என்று கழுத்தை நீட்டித் தண்ணீரைப் பார்த்தார். தண்ணீர் தெரியவில்லை. "மெதுவா வா" என்றார்.

மருத்துவமனையில் நர்ஸ் அவளைப் படுக்கவைத்துக் கையில் ஊசியைப் பொருத்தினாள். இயந்திரம் முனகத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்து, கட்டுப் போட்டு, எடை பார்த்து, அட்டையில் எழுதிக்கொண்டே நர்ஸ் கேட்டாள்: "அக்கா, வெள்ளிக்கிழமையெல்லாம் இனிமே வரமாட்டேன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்களே. அடுத்த வாரத்துக்கு என்னன்னு போடட்டும்?"

கத்திரி செருப்பைத் தேடிக் காலை நுழைத்தாள். நுழைந்தது. கணவரின் தோளைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"மூணு நாளும் போடு" என்றாள்.